கடைசி ஆல்பத்தில் ஒரு ஆள் குறைவு: பிளாக் சப்பாத்தின் ‘13’

இன்னிக்கு ஒரு மழைச் சத்தத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1970-ஆம் வருஷம், பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் ஒரு இசைத்தட்டு வெளியாகிறது. ஊசியை வைத்ததும் பாட்டு வராது. மழை பெய்யும். இடி இடிக்கும். தூரத்தில் ஒரு சர்ச் மணி அடிக்கும். அதுக்கு அப்புறம்தான் கிட்டார். மூன்றே ஸ்வரங்கள், ஆமை வேகத்தில். கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லணும்னா, கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அப்புறம் பிரதி மத்யமம். நாம கல்யாணி ராகத்துல தினம் கேட்கிற உறவுதான். ஆனால் ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயர் உண்டு. ஹெவி மெட்டல் என்ற இசை எங்கே பிறந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் இந்த மூன்று ஸ்வரத்தைத்தான் கை காட்டுவார்கள்.

இப்போ 43 வருஷம் தாண்டி வாங்க. 2013 ஜூன். அதே பேண்ட், ‘13’ என்ற பெயரில் ஒரு ஆல்பம். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் இசை அடங்குகிறது. மழை. இடி. அதே மாதிரி ஒரு மணி.

“வட்டம் முழுசாயிடுச்சு” என்று அப்போ எல்லாரும் எழுதினார்கள். எனக்கும் முதல் தடவை கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கும்போது ஒரு நெருடல். முதல் மழைக்கு அப்புறம் வாசித்தவர்கள் நாலு பேர். இரண்டாவது மழைக்கு முன்னாடி வாசித்ததில் அந்த நாலு பேரில் மூன்று பேர்தான். அப்போ வட்டம் முழுசா ஆச்சா? இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

ஹெவி மெட்டலே கேட்காதவங்களும் தைரியமா கூட வரலாம். இதில் தொழிற்சாலை இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, ஒப்பந்தப் பத்திரம் இருக்கு. எல்லாம் நமக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

லூகாஸ் பஸ் ஸ்டாப்

சென்னைக்காரர்களுக்குப் பாடி லூகாஸ் தெரியும். சின்ன வயசுல எனக்கு ‘லூகாஸ்’னா ஒரு பஸ் ஸ்டாப் பேரு, அவ்வளவுதான். பிறகுதான் அது ஒரு கம்பெனி, அதன் தாய்வீடு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் என்று தெரிந்தது. அங்கே உள்ள லூகாஸ் ஆலையில்தான் ஒரு அம்மா வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் முடித்த தன் பையனையும் அங்கேயே சேர்த்துவிட்டார். பையனுக்குக் கொடுத்த வேலை, கார் ஹாரன்களை ட்யூன் பண்ணுவது. நாள் முழுக்க ஹாரன் சத்தம். அந்தப் பையன்தான் ஓஸி ஆஸ்போர்ன். அவர் அந்த வேலையில் நிலைக்கவில்லை. கசாப்புக்கூடத்திலும் வேலை பார்த்தார், திருட்டு வழக்கில் சில வாரம் ஜெயிலிலும் இருந்தார்.

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதி முழுக்கத் தொழிலாளர் குடும்பங்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்கள் அப்படியே கிடக்க, அதற்கு நடுவில் விளையாடி வளர்ந்த தலைமுறை. பாடகர் ஓஸி, கிட்டாரில் டோனி அயோமி, பேஸ் கிட்டாரில் கீஸர் பட்லர், டிரம்ஸில் பில் வார்ட். நாலு பேரும் அந்த ஏரியாப் பையன்கள். 1968-ல் ஒன்று சேர்ந்தார்கள்.

இதில் டோனியின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். அவருக்கு 17 வயது. தகரம் வெட்டும் ஒரு பட்டறையில் வேலை. கிட்டார் வாசிக்க ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டதால் வேலையை விடுகிறார். அன்னைக்குத்தான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், “இனிமே போகலை” என்கிறார். அம்மா விடவில்லை. ஒத்துக்கிட்ட வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வா என்று திருப்பி அனுப்புகிறார். வழக்கமாக அவர் வெல்டிங் பக்கம் இருப்பவர். அன்று இயந்திரத்து ஆள் வராததால் இவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். தகடு வெட்டும் இயந்திரம் வலது கையில் இறங்கியது. நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போச்சு.

டோனி இடது கைக்காரர். அதாவது தந்தியை அழுத்துகிற கை அவருக்கு வலது கை. போனது அந்தக் கையின் விரல்கள்.

அந்தப் பட்டறை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டு வந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல் செயலிழந்த பிறகும் உலகப்புகழ் பெற்றவர். அதைக் கேட்டபிறகு டோனி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, தையல்காரர்கள் போடுகிற அங்குஸ்தான் மாதிரி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். தந்தி வழுக்காமல் இருக்க மேலே தோல் ஒட்டினார். கனமான தந்தி வலித்ததால் மெல்லிய தந்தி தேடினார். பின்னாட்களில் சுருதியையும் இறக்கினார்; தந்தி தளர்ந்தால் விரலுக்கு வேலை குறையும். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறக்கிய சுருதியை நன்றாகவே கேட்கலாம்.

உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் இன்றைக்கும் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள், கனமாகக் கேட்கும் என்பதற்காக. அந்தக் கனத்துக்குப் பின்னால் ஒரு தொழிலாளிப் பையனின் வலி இருக்கு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பிரிந்ததும் சேர்ந்ததும்

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் ரெக்கார்டு பண்ணினார்கள். மேடையில் வாசிக்கிற மாதிரியே வாசித்தார்கள். மழையும் மணியும் பிறகு சேர்த்தது. அடுத்த ஆல்பம் ‘பாரனாய்ட்’ 1970-லேயே பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிடறேன்: புகழ், போதை, சண்டை. 1979-ல் ஓஸியை வெளியே அனுப்பினார்கள். ரானி ஜேம்ஸ் டியோ வந்தார், அருமையான ஆல்பங்கள் வந்தன. அப்புறம் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எல்லாக் காலத்திலும் குழுவில் இருந்த ஒரே ஆள் டோனி.

1997 டிசம்பரில் பர்மிங்ஹாமில் பழைய நாலு பேரும் மறுபடி மேடையேறினார்கள். அந்த நிகழ்ச்சி ஆல்பமாக வந்தபோது இரண்டு புதுப்பாட்டு மட்டும் சேர்ந்தது. 2001-ல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு முழு ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள். அதுவும் பாதியில் நின்றது. 2009-ல் ‘பிளாக் சப்பாத்’ என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஓஸியே டோனி மேல் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் சமரசம் ஆனது. 2010 மே மாதம் டியோ புற்றுநோயில் இறந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு, 2011 நவம்பர் 11. லாஸ் ஏஞ்சலஸில் ‘விஸ்கி எ கோ கோ’ என்ற பழைய கிளப். பத்திரிகையாளர்கள் முன்னால் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து அறிவிக்கிறார்கள்: புது ஆல்பம், ரூபின் தயாரிப்பு, உலகச் சுற்றுப்பயணம். நாலு பேரும் சேர்ந்து கடைசியாக முழு ஸ்டுடியோ ஆல்பம் கொடுத்தது 1978-ல். 33 வருஷத்துக் காத்திருப்பு.

மூன்று மாதம்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

கட்டியும் காகிதமும்

2012 ஜனவரியில் டோனிக்கு லிம்ஃபோமா என்று தெரிய வருகிறது. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய். வயது 63. உடனே கீமோதெரபி ஆரம்பிக்கணும். லாஸ் ஏஞ்சலஸில் நடந்துகொண்டிருந்த வேலை இங்கிலாந்துக்கு மாறியது. ஓஸியும் கீஸரும் விமானம் ஏறி டோனியின் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே அவருக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருந்தது. ஊசி போட்டுக்கொண்ட நாட்களில் படுக்கை, கொஞ்சம் தெம்பு வந்த நாட்களில் கிட்டார். ‘13’ ஆல்பத்தின் ரிஃப்களில் பல இப்படி உருவானவைதான்.

17 வயதில் விரல் போனபோது இசையை உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டவர், 63 வயதில் கால அட்டவணையையே உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். பிறகு சுற்றுப்பயணத் தேதிகளும் அவருடைய சிகிச்சையை ஒட்டித்தான் போடப்பட்டன. சில வாரம் கச்சேரி, பிறகு ஊருக்குத் திரும்பி மருந்து, மறுபடி கச்சேரி.

டோனியின் நோய் வெளியே தெரிந்த சில வாரத்தில் இரண்டாவது அடி. பிப்ரவரி 2-ஆம் தேதி டிரம்ஸ் கலைஞர் பில் வார்ட் ஒரு அறிக்கை விட்டார். தனக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் கையெழுத்துப் போடக்கூடியதாக இல்லை என்றார். ஆரம்பத்தில் இருந்தே இருந்த ஒருவனுக்கு உரிய மரியாதை அந்தப் பத்திரத்தில் வேண்டும், அது கிடைத்தால் வரத் தயார் என்பதுதான் அதன் சாரம். மற்ற மூன்று பேரும் வருத்தம் தெரிவித்தார்கள். ஆனால் அவர் இல்லாமல் தொடர்வதைத் தவிர வழியில்லை என்றார்கள். பில்லின் உடல்நிலை அவ்வளவு பெரிய பயணத்தைத் தாங்காது என்று ஓஸி பிறகு பேட்டிகளில் சொன்னார். பில் அதை ஏற்கவில்லை. மனக்கசப்பு பல வருஷம் ஓடியது.

யார் பக்கம் நியாயம்? அந்தப் பத்திரத்தை நான் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்குப் புற்றுநோய். அவருக்காக மொத்த ஆல்பமும் காத்திருந்தது, கண்டம் விட்டுக் கண்டம் மாறியது. அதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். இன்னொருத்தருக்கு ஒப்பந்தத்தில் தகராறு. அதற்கு யாரும் காத்திருக்கவில்லை. தொழிற்சாலை ஊரில் வளர்ந்த நாலு பேருக்கு நடுவிலேயே, கடைசியில் கூலி, கையெழுத்து, வேலைக்குத் தகுதியா இல்லையா என்ற பேச்சு வந்து நின்றது. எனக்கு இந்தக் கதையில் மனசு கனக்கிற இடம் இதுதான்.

மாலிபு கடற்கரையில்

2012 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் உள்ள ஷாங்ரி-லா ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் தொடங்கியது. ரூபின் செய்த முதல் காரியம், மூவரையும் உட்காரவைத்து 1970-ன் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டியது. ஹெவி மெட்டல் என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது எப்படி வாசித்தீர்களோ அப்படி வாசியுங்கள் என்றார்.

கேட்க நல்லா இருக்கு. செய்ய முடியுமா? அறுபது தாண்டிய மூன்று பேரிடம், தாங்களே உருவாக்கிய ஒன்றை மறந்துவிட்டு வாசிக்கச் சொல்கிறார். மூத்த கவிஞரிடம் போய், “உங்க முதல் தொகுப்பு எழுதினப்ப மாதிரியே எழுதுங்க” என்று கேட்கிற மாதிரி. அன்றைக்கு அவர்களுக்கு முன்னால் வழி என்று ஒன்று இல்லை, அதனால் புது வழி போட்டார்கள். இன்றைக்கு அந்த வழியில் ஆயிரம் குழுக்கள் நடந்து போயாச்சு. இதில் ரூபின் உண்மையில் என்ன செய்தார் என்று தனக்கு இன்னும் புரியவில்லை என்ற தொனியில் கீஸர் பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

டிரம்ஸுக்கு யார்? சுற்றுப்பயணத்தில் வாசித்தவர் டாமி க்ளூஃபெடோஸ். ஆல்பத்துக்கு ரூபின் கொண்டுவந்தது, ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்’ குழுவின் பிராட் வில்க்கை. அவர் பிறந்த வருஷம் 1968. அதாவது பேண்டுக்கும் அவருக்கும் ஒரே வயது.

வில்க் நல்ல கலைஞர், அதில் சந்தேகமே வேண்டாம். உறுதியாக, சுத்தமாக வாசித்திருக்கிறார். ஆனால் பில் வார்டின் வாசிப்பு வேறு ரகம். அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்றவர்கள்தான் அவருக்கு ஆதர்சம். நம்ம ஊர்க் கச்சேரியில் ஒரு நல்ல மிருதங்க வித்வான் வெறும் தாளக்கணக்கு மட்டும் போட மாட்டார் இல்லையா? பாடகர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே ஏறுகிறார் என்று பார்த்து, கூடவே போவார், சில இடத்தில் சும்மா இருப்பார். பில் அப்படித்தான் டோனியின் கிட்டாருக்கு வாசிப்பார். கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். அந்த ஆட்டம்தான் முதல் ஆல்பத்தின் பயம். கட்டடம் இடிந்து விழுமோ என்று தோன்றும், விழாது. ‘13’-ல் கட்டடம் ஸ்திரமாக நிற்கிறது. பயம் இல்லை.

ஓஸியின் பாடும் இங்கே உண்டு. ஆல்பம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், 2013 ஏப்ரலில், கடந்த ஒன்றரை வருஷமாக மறுபடி குடியிலும் போதையிலும் விழுந்திருந்ததாக அவரே வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கணக்குப் பாருங்க. அந்த ஒன்றரை வருஷம் கிட்டத்தட்ட இந்த ஆல்பம் உருவான மொத்தக் காலம்.

ஆக, ஒருவர் கீமோவில், ஒருவர் போதையோடு மல்லுக்கட்டிக்கொண்டு, ஒருவர் வெளியே. முழு உடம்போடு நின்றவர் கீஸர். பெரும்பாலான பாடல் வரிகளையும் அவர்தான் எழுதினார். சாவு, கடவுள், விசுவாசம், தந்தையர் என்ற வார்த்தையின் நிழல். வயதானவர்களின் ஆல்பம் என்று வெட்கப்படாமல் சொல்லிக்கொள்கிற விஷயங்கள். இதை நான் ரொம்ப மதிக்கிறேன். இருபது வயசுக்காரன் மாதிரி வேஷம் போடவில்லை.

முதலிடம்

2013 ஜூன் 10. எட்டுப் பாட்டு. பிரிட்டனில் முதலிடம். ‘பாரனாய்ட்’டுக்கும் இதற்கும் இடையில் கிட்டத்தட்ட 43 வருஷம்; இரண்டு முதலிடங்களுக்கு நடுவில் அவ்வளவு நீண்ட இடைவெளி அதுவரை யாருக்கும் இருந்ததில்லை. அமெரிக்காவில் முதல் வாரத்தில் சுமார் 1,55,000 பிரதிகள் விற்று, அங்கே அவர்களுடைய முதல் முதலிடம். ‘காட் இஸ் டெட்?’ பாட்டுக்கு 2014-ல் கிராமி விருது.

குறையும் சொன்னார்கள். ஒலியை அளவுக்கு மீறி அழுத்தி, எல்லாமே ஒரே உரப்பில் கேட்கிற மாதிரி பண்ணிவிட்டார்கள் என்று பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. முதல் ஆல்பத்தின் பலமே மெதுவான இடத்துக்கும் இடி விழுகிற இடத்துக்கும் உள்ள தூரம்தான். சில பாட்டுகள் பழைய பாட்டுகளின் நகல் மாதிரி இருக்கு என்றும் சொன்னார்கள். அதுவும் பொய்யில்லை.

ஆனால் டோனியின் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்க. நோயின் நடுவில் அந்த மனிதர் வாசித்ததில் ஒரு இடத்தில்கூட அனுதாபம் கேட்கிற தொனி இல்லை. ஒத்துக்கிட்ட வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வா என்று அம்மா சொன்ன மாதிரியே முடித்திருக்கிறார்.

வில்லா பார்க்

2017 பிப்ரவரி 4. பர்மிங்ஹாமில் ‘தி எண்ட்’ சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. அங்கேயும் பில் இல்லை. எல்லாம் முடிஞ்சுது என்றுதான் நினைத்தோம். 2019-ல் அந்த நகரத்தில் ஒரு கால்வாய்ப் பாலத்துக்குப் பேண்டின் பெயர் வைத்து, பெஞ்சு ஒன்றும் போட்டார்கள். அந்தப் பெஞ்சில் நாலு முகங்கள். ஊருக்குக் கணக்கு சரியாகத் தெரிந்திருந்தது.

2020-ல் தனக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதாக ஓஸி அறிவித்தார். நடக்கவே சிரமம். அப்புறம் 2025 ஜூலை 5. அவர்கள் பிறந்து வளர்ந்த அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானம். தொண்டு நிறுவனங்களுக்காக நடந்த நிகழ்ச்சி. கடைசியாகப் பிளாக் சப்பாத் மேடைக்கு வருகிறது. ஓஸி சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி. டோனி. கீஸர். டிரம்ஸுக்குப் பின்னால், 77 வயதில், பில் வார்ட். நாலு பேரும் சேர்ந்து நின்று 20 வருஷம் ஆகியிருந்தது. நாலு பாட்டு வாசித்தார்கள். நாலுமே 1970-ல் வந்தவை. ‘13’-ல் இருந்து ஒன்றுகூட இல்லை.

17 நாள் கழித்து, ஜூலை 22-ஆம் தேதி, ஓஸி இறந்துபோனார். வயது 76.

இப்போ நான் ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு வர்றேன். மழையையும் மணியையும் ஸ்டுடியோவில் திரும்பக் கொண்டு வரலாம். பழைய சுருதி, பழைய வேகம் எல்லாவற்றையும் கொண்டு வரலாம். ‘13’ அதையெல்லாம் கௌரவமாகச் செய்த ஆல்பம். நான் அடிக்கடி கேட்கிற ஆல்பம். ஆனால் வட்டம் மூடியது அங்கே இல்லைங்கறதுதான் என் எண்ணம். அது மூடியது வில்லா பார்க்கில். வாசிப்பு அன்னைக்குத் தடுமாறத்தான் செய்தது. குரல் நடுங்கியது, கை தளர்ந்திருந்தது. இருந்தாலும் அந்த ஸ்டூலில் உட்கார வேண்டிய ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயசுலயோ அறுபது வயசுலயோ தீர்த்திருக்க வேண்டிய கணக்கை, பதினேழு நாள் மிச்சம் இருக்கும்போது தீர்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு பழைய கூட்டாளி யாராவது இருந்தா, இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு போன் போட்டுப் பேசுங்க. முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்க: முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையும், ‘13’-ன் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஹெட்ஃபோன் போட்டு, டிரம்ஸை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. நான் சொன்ன வித்தியாசம் உங்களுக்கும் கேட்குதான்னு எழுதுங்க.